மலேசியாவுக்கு முன்னால் பழவேற்காடு: ஒரு நாள் ஒத்திகை

இந்தக் கோடையில் நானும் என் கணவர் பாஸ்கரும் முதல்முறையாக வெளிநாடு போவதாகத் திட்டம். கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் ஈப்போ, அங்கிருந்து காரில் கேமரன் மலை, மறுபடி ரயிலில் பட்டர்வொர்த், கடைசியாகப் படகில் பினாங்கு. மொத்தம் பதினோரு நாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் மைசூர். அதிலும் திரும்பி வரும்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அரண்மனைக்கு ஒரு மணி நேரம் என்று நான் ஒதுக்கியிருந்தேன். அவர் ஒரே ஓவியத்தின் முன்னால் இருபது நிமிடம் நின்றுவிட்டார். நான் பத்து பேர் பார்க்கக் கையைப் பிடித்து இழுத்தேன்.

மலேசியாவுக்கு நான் எக்செல்லில் அட்டவணை போட்டிருந்தேன். கால் மணிக்கு ஒரு வரி. பல் தேய்ப்பதற்குக்கூட வரி உண்டு என்று என் தங்கை கேலி செய்வாள், அது பொய், குளியலோடு சேர்த்துத்தான் போட்டிருந்தேன். ஒரு மாலை பாஸ்கர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "இதுல நான் எந்த வரியில இருக்கேன், வசு?" என்று கேட்டார்.

"எல்லா வரியிலயும்தான்."

"அப்படித் தெரியலையே. நீ போய்ட்டு வா. நான் வீட்ல இருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, விடுமுறையும் கிடைத்துவிட்டது, விமான டிக்கெட் போடுவதுதான் பாக்கி. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். ரயில், கார், படகு மூன்றும் வருகிற மாதிரி ஒரு நாள் பக்கத்தில் எங்காவது போய் வருவோம். அன்றைக்கு முழுக்க நான் யாரையும் விரட்டாமல் இருந்தால், வீடு திரும்பியதும் மலேசியாவுக்கு டிக்கெட் போடலாம். இல்லையென்றால் நான் தனியாகவோ தங்கையோடோ போய்க்கொள்ளலாம்.

அப்படித்தான் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். உங்களில் யாராவது குடும்பத்தோடு முதல் நீண்ட பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒத்திகை உங்களுக்கும் உதவலாம்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் 5.30க்கு ஏறினோம். பொன்னேரிக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். 6.35க்கு இறங்கியபோது, ஏற்கெனவே பேசி வைத்திருந்த ஓட்டுநர் இக்பால் பாய் நிலைய வாசலில் நின்றிருந்தார். மாலை வரைக்கும் வண்டிக்கு 1,800 ரூபாய். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு 19 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ஆனால் எனக்குப் படகுத்துறையில் 7.45க்குப் படகு காத்திருக்கும் என்று ஏற்பாடு.

திருப்பாலைவனம் வந்ததும் பாய் வண்டியை ஒரு டீக்கடை ஓரம் ஒதுக்கினார். நான் மணி பார்த்தேன். பாஸ்கர் என்னைப் பார்த்தார். "ஏழு நிமிஷம் இருக்கு, குடிக்கலாம்" என்றேன்.

"இன்னா மேடம், இத்தினி ஜல்தியா? ஏரி எங்கயும் ஓடிப் போவாது" என்று பாய் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். டீ நாக்கைச் சுட்டது. எட்டாவது நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். இதை விரட்டியதாகச் சேர்க்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

7.30க்குப் படகுத்துறை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மூலம் கோட்டைக்குப்பத்துப் படகுக்காரர் ஏழுமலையிடம் போனில் பேசியிருந்தேன். "சனிக்கிழமை முடியாது மேடம், ஞாயித்துக்கிழமை தாராளமா வாங்க" என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் 7.45க்கு அவரும் இல்லை, படகும் இல்லை. எட்டு மணிக்கு, ஐஸ் பெட்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழுமலையின் மனைவி தேவி.

"அவரு விடியறதுக்கு முன்னாடியே பூட்டாரு அக்கா. இன்னிக்கு எங்க ஊருக்குப் பாடு."

எனக்கு அந்தச் சொல் அப்போது புரியவில்லை, புரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை. "அவர்தானே ஞாயித்துக்கிழமை வரச் சொன்னார்? மெட்ராஸ்லேருந்து இருட்டோட கிளம்பி வந்திருக்கோம். இப்படிப் பேச்சு மாத்தினா உங்களை நம்பி யார் வருவாங்க?" என்று துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

பாஸ்கர் தண்ணீர் ஓரமாக நடந்து போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். மைசூரிலிருந்து வரும்போது ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிய ஆளின் அதே முதுகு. மலேசியா போய்விட்டது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது.

தேவி கோபப்படவில்லை. "பேச்செல்லாம் மாத்தல அக்கா. எங்களுக்கு நேத்துதான் பாடு வரணும். அதனாலதான் உங்கள இன்னிக்கு வரச் சொன்னாரு. வியாயக்கெழமை பக்கத்து ஊருல ஒரு பெரியவரு செத்துப் பூட்டாரு. அன்னிக்கு மூணு ஊருலயும் யாரும் தண்ணில எறங்கல. எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப் போச்சு. நேத்து சாயங்காலம் என் போன்லேந்து உங்களுக்கு மூணு தபா அடிச்சாரே, நீங்க எடுக்கலியே?"

போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண், மூன்று அழைப்புகள். 6.10, 6.14, 6.40. இரண்டை நானே துண்டித்திருக்கிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலை, இந்த ஒரு நாள் பயணத்தின் அட்டவணையை அச்செடுப்பது.

வெட்கமாக இருந்தது. தேவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு இன்னா அக்கா, பதினோரு மணிக்கு வந்துருவாரு, இருந்து போய்ட்டு வாங்க" என்று நிழலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். பிறகு பாஸ்கரிடம் போய் போனை நீட்டினேன். "தப்பு என் மேலதான். அவங்க கூப்பிட்டிருக்காங்க. நான்தான் கட் பண்ணிட்டேன்." அவர் எண்களைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்று மணி நேரம். அட்டவணையில் இல்லாத மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. வெயில் எட்டரைக்கே சுள்ளென்று ஏறிவிட்டது. பாஸ்கர் போய் தேவியிடம் பாடு என்றால் என்ன என்று கேட்டார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

ஏரியில் தண்ணீர் ஏறி இறங்கும் பாதையில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சிலதான் உண்டு. அங்கே குச்சி நட்டு வலையை வளைத்துக் கட்டுவார்கள். எல்லோரும் ஒரே நாளில் போய்க் கட்டினால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் மூன்று ஊருக்கும் நாள் முறை. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர்.

"ஒரு நாள் வராம விட்டா?" என்று பாஸ்கர் கேட்டார்.

"விட்டா திரும்ப நம்ம முறை சுத்தி வரணும் சார். மத்தவங்க நாள்ல போய் அந்த எடத்துல நிக்கக் கூடாது. வேற எடத்துல கெடைக்கிறதப் பாத்துக்க வேண்டியதுதான்."

"யாருக்கு எந்த நாள்னு எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

தேவி என்னவோ ஜோக் கேட்டதுபோல் சிரித்தார். "எழுதறதா? எல்லாருக்கும் தெரியுமே சார்!"

என் கைப்பையில் நான்கு பக்க அட்டவணை மடித்து இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

துறைக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக் கழுத்துக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைக் கூடைக்குள் போடுகிறார்கள். வாயில் கூடை இருப்பதால் பேச்சே இல்லை. பாஸ்கர் அதைப் பார்த்தபடி நின்றார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். முதலில் கால் துறுதுறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவர் சும்மா நிற்கவில்லை. எந்தப் பெண் எந்தப் பக்கம் நகர்கிறார், ஒருவர் துழாவிய இடத்துக்கு மற்றவர் ஏன் போகவில்லை என்று பார்த்து எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மைசூர் ஓவியத்தில் அவர் என்ன பார்த்தார் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "ஊர்வலத்துல ஒரு ஆள் மட்டும் யானையைப் பாக்காம நம்மளப் பாக்கிறான். அவன் யாருன்னு தேடிட்டிருந்தேன்" என்றார்.

ஏழுமலை 11.10க்கு வந்தார். சட்டையெல்லாம் உப்பு, கண்ணெல்லாம் தூக்கம். இறாலைத் தேவியிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "வாங்க மேடம், போலாம்" என்றார். களைத்து வந்தவரை உடனே கிளப்ப மனம் வரவில்லை. "சாப்பிட்டுட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்றேன். பாஸ்கர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினோம். பசியாவரம் தீவுப் பக்கம் போய், கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரம் தெரிகிற இடம்வரை ஒன்றரை மணி நேரம். படகுக்கு ஆயிரம் ரூபாய். வெயில் மண்டையைப் பிளந்தது. பூநாரை ஒன்றுகூட இல்லை, மே மாதத்தில் எதிர்பார்க்கவும் கூடாது. நான் ஏழுமலையிடம், வியாழக்கிழமை இறந்தவர் அவருக்குச் சொந்தமா என்று கேட்டேன்.

"சொந்தம்லாம் இல்ல மேடம். எங்க நைனா செத்தப்போ அவங்க ஊருக்குப் பாடு நாளு. நல்ல இறால் ஓட்டம் வேற. ஒருத்தரும் வலை எடுக்கல. எல்லாரும் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாங்க." துடுப்பு மாதிரி நீளக் கழியை ஊன்றித் தள்ளியபடியே சொன்னார். "அத்த மறக்க முடியுமா?"

தள்ளிப்போன ஒரு நாளுக்காகத்தான் நான் காலையில் அவர் மனைவியிடம் கத்தினேன்.

துறைக்குப் பக்கத்துச் சின்ன மெஸ்ஸில் நண்டுக் குழம்போடு சாப்பாடு, ஆளுக்கு 180. திரும்பும்போது திருப்பாலைவனத்தில் நானே வண்டியை நிறுத்தச் சொன்னேன். நாற்பது நிமிடம் இருந்தோம். இக்பால் பாய் இரண்டாவது டீயை முடித்துவிட்டு, "மேடம், உங்க ரயிலு?" என்று கேட்டார். அடுத்த ரயிலில் போனோம்.

பொன்னேரியில் ரயில் கிளம்பியதும் பாஸ்கர் சொன்னார், "நீ இன்னிக்குத் தோத்துட்ட, தெரியும்ல?"

"தெரியும்."

"மலேசியாவுக்கும் பாடு போட்டுக்கலாமா? ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. உன் நாள்ல நீ அஞ்சு மணிக்கு எழுப்பினாலும் வாயைத் திறக்காம வரேன். என் நாள்ல நீ வலையைத் தூக்கிட்டு வரக்கூடாது."

தலையை ஆட்டினேன். பதினோராவது நாள் திரும்பும் நாள், அது விமானக் கம்பெனியின் முறை. மீதிப் பத்தில் ஆளுக்கு ஐந்து. முதல் நாள் யாருக்கு என்று காகிதம் கிழித்துச் சீட்டுப் போட்டோம். அவருக்கு வந்தது. கோலாலம்பூரில் முதல் நாள் காலை ஒன்பதுக்கு இரட்டைக் கோபுரம் என்று நான் வைத்திருந்தேன்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"தூங்கப் போறேன். எழுந்து சொல்றேன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பறவை பார்க்க வேண்டுமென்றால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். கோடையில் போனால் தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். சுற்றுலாப் படகுகளுக்கு அன்றைக்கு அனுமதி உண்டா என்று துறையில் விசாரித்துக்கொண்டு, லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மட்டும் ஏறுங்கள். படகுக்காரரிடம் பேசும்போது அவருக்கு எந்த நாள் பாடு என்று கேளுங்கள், முந்தின நாள் மாலை ஒருமுறை நீங்களே அழையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் இப்படி ஒரு நாள் ஒத்திகை பார்ப்பது நல்லது. எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்து 3,300 ரூபாய்க்குள் முடிந்தது.

அன்று மாலையே டிக்கெட் போட்டோம். பிறகு நான் மலேசியா அட்டவணையைத் திறந்து, முதல் நாளின் கால் மணி வரிகள் அத்தனையையும் அழித்தேன். நிறைய இருந்தன. இப்போது அந்த நாளுக்கு நேரே ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: பாஸ்கர்.