ஒரே முட்டைகளுக்கு இரண்டு கடிதங்கள்

சண்டைக் காலத்தில், நாற்பது வயது கடந்த பிறகு, நான் வியாபார இங்கிலீஷ் படித்தேன். காரணம் முட்டை.

என் கணவர் மலாயாவில் வேலையில் இருந்தார். சிங்கப்பூர் ஜப்பான்காரர் கைக்குப் போனதோடு அவருடைய கடிதங்கள் நின்றுபோயின. நான் நிலாவெளி, சல்லிப் பக்கம் கோழி வளர்க்கும் பெண்களிடம் முட்டை சேர்த்தேன். கொஞ்சத்தை ஊர்க் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் துறைமுக வாசலில் நிற்கும் தரகரிடம் விற்றேன். அவர் அதைக் கடற்படைக் களஞ்சியத்துக்கு விற்பார். களஞ்சியம் கொடுத்த விலையில் பாதிதான் எங்களுக்கு வந்தது. மற்றப் பாதி, அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காக அவரிடமே நின்றது.

வகுப்பு துறைமுகத்துக்கு மேலே, ஓர்ஸ் ஹில் என்ற குன்றில், ஒரு வீட்டு விறாந்தையில் நடந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் விளக்குகளை மூடிவைக்க வேண்டிய காலம் என்பதால் பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கிவிடும். டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால் எங்களைப் போன்ற பெரிய ஆட்களுக்குப் பாடம் சொல்ல வந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்க எங்களுக்கு முன்பே தெரியும். கடிதம் எழுதத்தான் வரவில்லை.

ஒரே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்தவர் கிண்ணியா நானா. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றாலும் மரியாதைக்கு என்னை அக்கா என்பார். குடா தாண்டித் தோணியில் முட்டை கொண்டுவந்து அதே தரகருக்குக் கொடுப்பவர். தோணி ஓடாத நாட்களில் அவர் கொடுக்கவேண்டிய முட்டையை நான் கொடுப்பேன், கடைகளுக்கென்று வைத்ததை எடுத்தாவது. என் பக்கத்துக் கோழிகளுக்கு நோய் வந்தால் அவர் கொடுப்பார். இதற்குக் கைமாற்று என்று பெயர். முட்டை போய் முட்டை வரும், அவ்வளவுதான்.

பாடப் புத்தகத்தின் முன்பாதி பொருளாதாரம், பின்பாதி கடிதங்கள். உதாரணங்கள் எல்லாம் சீமைக் கம்பளியைப் பற்றியவை. கம்பளி என்று வரும் இடமெல்லாம் முட்டை என்று மாற்றி எழுதும்படி டீச்சர் சொன்னார். அதனால், 'தாங்கள் அனுப்பிய முட்டைகள் கப்பலில் நனைந்து சுருங்கிவிட்டன என்று வருத்தத்துடன் அறிவிக்கிறோம்' என்பது போன்ற கடிதங்களையும் நாங்கள் அக்கறையாக எழுதிப் பழகினோம்.

போட்டி என்ற அத்தியாயம் வந்த நாளில் நானா கையை உயர்த்தினார்.

"அப்ப டீச்சர், அக்காவும் நானும் எதிரியா?"

"புத்தகத்தின்ர படி ஓம்."

"எதிரிக்கு ஆரும் நேத்து அம்பது முட்டை குடுப்பாங்களா?"

"அது புத்தகத்தில இல்லை நானா. அடுத்த பக்கத்துக்கு வாங்கோ," என்றார் டீச்சர்.

சில வாரங்களின் பின் களஞ்சிய வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். கிழமைக்கு ஆயிரம் முட்டை தேவை. விலை இவ்வளவு என்று அவர்களே போட்டிருந்தார்கள். தவறாமல் தரக்கூடியவர் நேரடியாக இங்கிலீஷில் எழுதலாம். ஒரு கடிதம்தான் ஏற்கப்படும். தரகர் அதை வாசித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எழுதுங்கோ, எழுதுங்கோ. கோழிக்கும் இங்கிலீஷ் பழக்கியாச்சோ?"

ஒப்பந்தம் கேட்டு எழுதும் கடிதங்கள் இரகசியமானவை என்று டீச்சர் படிப்பித்திருந்தார். அதனால் நானாவும் நானும் அதே வாங்கில், ஆளுக்கு ஒரு கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினோம். அவருக்கு அந்த வியாபாரம் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். என்னுடைய நிலைமை அவருக்கும் தெரியும். அன்று கைமாற்றைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் களஞ்சியத்திலிருந்து இருவருக்கும் ஆள் வந்தது. வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் நின்ற கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்தவர். மேசையில் எங்கள் இரண்டு கடிதங்களும் கிடந்தன. டீச்சர் தந்த மாதிரியைப் பார்த்து எழுதியதால் பெயரையும் ஊரையும் தவிர எல்லாம் ஒன்று. துரை அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"தரகர் இவ்வளவு காலமும் கொண்டுவந்தது ஆயிரம்," என்றார் கிளாக்கர். "இப்ப நீங்கள் ஆயிரம் எண்டு எழுதியிருக்கிறியள். இவரும் ஆயிரம். போன கிழமைக்குள்ள கோழியள் இரட்டிச்சிட்டுதோ?"

"என்னட்டை ஐந்நூறு இருக்கு ஐயா. மிச்சம் நானாட்டை வாங்கலாம் எண்டு..."

கிளாக்கர் நானாவின் பக்கம் திரும்பினார். "உங்கட ஆயிரம்?"

நானா தொப்பியைச் சரிசெய்தார். "என்ட ஐந்நூறு. மத்தது அக்காட முட்டை."

கிளாக்கர் பேனையை மேசையில் வைத்தார். "அப்ப, அவவின்ர முட்டையை நீங்களும் உங்கட முட்டையை அவவும் வித்திருக்கிறியள்." துரைக்கு அதை இங்கிலீஷில் சொன்னபோது அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்து அவர் கேட்ட கேள்வி கடினமாக இருந்தது. அதைக் கிளாக்கர் நானாவிடம் சொன்னார்: "இந்த வேலையை இவவுக்குக் குடுத்தால், உங்கட ஐந்நூறையும் இவவுக்குக் குடுப்பியளோ? வேற ஒருத்தன் கூடின விலை தாறன் எண்டாலும்?"

நானா மேசையில் கிடந்த தன் கடிதத்தைப் பார்த்தார். பிறகு, "அத நான் இன்னும் யோசிக்கல்ல ஐயா," என்றார். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நாளைக்குள் நம்பக்கூடிய ஒரு கடிதம் வராவிட்டால் முட்டை பழையபடி தரகரிடமே வாங்கப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நேரே டீச்சரிடம் போனோம். அவர் கூட்டு வியாபாரம் என்ற அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் வங்கியும் வழக்கறிஞரும் இருந்தார்கள். தோணி ஓடாத நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புத்தகத்தை மூடிவைத்தார். "நீங்களே சொல்லுங்கோ. எழுத்துப் பிழையை மட்டும் நான் பாக்கிறன்."

'ஒருவரிடம் முட்டை குறையும் கிழமையில் மற்றவர் அதை நிரப்புவார்' என்ற வரி இலகுவாக வந்தது. மாதிரி பாராமல் நாங்கள் எழுதிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் அது. அடுத்த வரியை நான் சொன்னேன்: 'கூடிய விலைக்கு வேறு எவருக்கும் இந்த முட்டைகளைக் கொடுக்கமாட்டோம்.'

"இத எழுதத்தான் வேணுமா அக்கா?"

"எழுதாட்டில் துரையின்ர கேள்விக்குப் பதில் இல்லை நானா."

அவர் எழுந்து விறாந்தையின் ஓரத்தில் போய் நின்றார். கீழே துறைமுகத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் நெருக்கமாக நின்றன. திரும்பி வந்து, "நீங்களும் இதுக்குக் கையெழுத்து வெக்கிறீங்கதானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப எழுதுங்க."

பதில் கடிதம் ஒரு கிழமையில் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். உறையின் மேல் முதலில் 'மெஸர்ஸ்', பிறகு என் பெயர், பிறகு ஓர் 'அன்ட்', பிறகு நானாவின் பெயர். மெஸர்ஸ் என்றால் என்ன என்று நானா கேட்டார்.

"கொம்பனி நடத்திற ஆம்பிளையளுக்குப் போடுறது," என்றார் டீச்சர்.

"அப்ப இண்டைக்கு இருந்து அக்காவும் ஆம்பிள!"

"முட்டைக்குத்தானே, இருந்திட்டுப் போகட்டும்," என்றேன்.

அந்த மாரியில் ஊரில் முட்டை விலை ஏறியது. ஒரு காலை நானா இறங்குதுறையில் கூடைகளை இறக்கிவிட்டு, போகாமல் நின்றார்.

"தரகர் நேத்து கிண்ணியாவுக்கு வந்தவர். கூடத் தாறன் எண்டார்."

"என்ன சொன்னீங்கள்?"

"இங்கிலீஷ்ல கையெழுத்து வெச்சிட்டன், இனி ஏலா எண்டன்." ஒரு கூடையை நேராக்கி வைத்துவிட்டு, "ஒரு கணம் யோசிச்ச நான்தான், பொய் சொல்லக்கூடா," என்றார்.

"என்னட்டையும் முந்தநாள் வந்தவர்," என்றேன். "நானும் யோசிச்சனான்."

அவர் கூடையின் மேலிருந்த வைக்கோலை விலக்கினார். கிளாக்கர் ஐயா எண்ண வருவதற்கு முன், உடைந்தவை உண்டா என்று இரண்டு பேருமாகப் பார்த்தோம்.