தோநாலி

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தோளில் மூங்கில் பட்டைச் சுருளும் கையில் இரும்புக் கொக்கியுமாகப் பூவராகவன் அந்தக் கிளப்பின் கேட்டில் போய் நின்றார். உள்ளே புல்வெளி ஓரம் நெடுக வெளிநாட்டுக் கார்கள். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்றைக்கு மெம்பர்களின் வருடாந்திரக் கூட்டம், சாக்கடை வேலை எதுவும் கிடையாது, நாளைக்கு வா என்றான். பூவராகவன் நகரவில்லை. நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த மனுஷர் ஒரு காவலாளி சொன்னதற்காகத் திரும்பிப் போய்விடுவாரா என்ன?

"கர்னல் சோப்தி சாப் நே புலாயா ஹை," என்றார். கர்னல் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே கேட்கப் போனை எடுத்தான்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தில்லிக்கு ரயில் ஏறியவர் பூவராகவன். ஊர்ப் பெருமாள் பெயரை இங்கே வந்த முதல் வாரமே தொலைத்துவிட்டார். கூட வேலை செய்த பையன்கள் பூவா, பூவா என்று சுருக்கிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். பூஆ என்றால் இந்தியில் அத்தை என்று அப்புறம்தான் தெரிந்தது. மீசை வைத்த ஆம்பிளை எத்தனை நாளைக்கு அத்தையாக இருக்க முடியும்? ராகவ் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது.

ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற கழிவுநீர்க் கால்வாயை ஒட்டியிருந்த தமிழர் குடியிருப்பு, மதராசி கேம்ப்தான் அவருக்கு வீடு, கல்யாணம், குழந்தை எல்லாம் கொடுத்தது. சுற்றுவட்டார பங்களாக்களில் எந்தக் குழாய் அடைத்தாலும் ராகவைத்தான் தேடுவார்கள். போன கோடையில் கேம்ப்பை இடித்தார்கள். அவருக்குத் தில்லியின் வடகோடியில், நரேலாவில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். வீட்டில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஜங்புராவில் குழாய் அடைத்தால் நரேலாவிலிருந்து ஆள் வரும்வரை யார் காத்திருப்பார்கள்? வேலை ஒவ்வொன்றாக வேறு கைக்குப் போனது.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மகள் ஸ்நேகா விஷயம்தான் நெஞ்சை அறுத்தது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள். தீபாவளிக்கு அப்புறம் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ப்பா, நான் ஸ்கூல்லேர்ந்து நின்னுடறேன்பா. என்னால முடியல," என்றாள். தில்லியில் பிறந்த பெண், சண்டை போடுவதென்றால் இந்திக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே மெதுவாகச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பூவராகவனுக்கு.

அந்த நேரத்தில்தான் மனைவி மஹாலட்சுமி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். ஜங்புராவில் கர்னல் சோப்தி வீட்டில் அவள் சமையல். அந்த ஒரு வீட்டை மட்டும் விடாமல் தினமும் போய் வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, மேம்சாப் சொன்னாங்க. கர்னலோட கிளப்புல ரெண்டு நாலி சாஃப் பண்ணணுமாம். ஞாயித்துக்கெழம உங்கள வரச் சொன்னாங்க. வேல புடிச்சிருந்தா பக்கா நௌகரியாம், பின்னாடியே ஒரு ரூமும் குடுப்பாங்களாம்."

"கிளப்பு எங்கருக்காம்?"

"மந்திர் மார்க் பக்கந்தான்."

இரண்டே இரண்டு சாக்கடை. அதற்கு ஒரு நிரந்தர வேலையும் ஒரு அறையும் கிடைக்கும் என்றால், கையாலேயே தோண்டச் சொன்னாலும் தோண்டிவிட்டு வருவது என்று பூவராகவன் முடிவு செய்துகொண்டார். பட்டை தோளேறி, கொக்கி கைக்கு வந்த கதை இதுதான்.

கர்னல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டார். எண்பதைத் தாண்டிய உடம்பு. வலது கை ஓயாமல் நடுங்கியது. பூவராகவன் கும்பிட்டுவிட்டு, "எந்தப் பக்கம் சாப் அந்த ரெண்டு நாலியும்?" என்று கேட்டார். கர்னல் மூங்கில் பட்டையைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காவலாளியும் சேர்ந்துகொண்டான்.

இந்தியில் நாலி என்றால் சாக்கடை. துப்பாக்கியின் குழலுக்கும் அதே பெயர்தான். தோ என்றால் இரண்டு. ஆக, இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் தோநாலி என்று பெயர். அந்தக் கிளப்பே தோநாலிப் பிரியர்களின் கிளப். மேம்சாப் சொன்னது தோநாலி சுத்தம் பண்ண ஆள் வேண்டும் என்று. அடுப்படி இந்தியை வைத்துக்கொண்டு அத்தனை வருடம் ஓட்டிய மஹாலட்சுமி, அதை இரண்டு சாக்கடையாக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். குடித்தனத்துக்கு உதவாத அர்த்தத்தை அவள் எதற்குத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

பூவராகவனுக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கியைப் போலீஸ்காரர்களின் தோளில் பார்த்ததோடு சரி. இதற்கா இத்தனை ஆசைப்பட்டோம் என்று மனசு விட்டுப்போய், "மாஃப் கர்னா சாப், எனக்கு இந்த வேலை தெரியாது," என்று திரும்பப் பார்த்தார்.

கர்னல் தோளைப் பிடித்து நிறுத்தினார். "என் மனைவியின் கம்மலை வாஷ்பேசின் குழாய்க்குள்ளிருந்து ஒரு கீறல் இல்லாமல் எடுத்துக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? அந்தக் கையைத்தான் கூப்பிட்டேன். என் கை இப்போது எனக்கு அடங்குவதில்லை. கிளப்பின் துப்பாக்கி அறையிலும், பழுதுபார்க்கும் மிஸ்திரிக்குத் துணையாக ஒரு ஆள் தேவை. இன்றைக்கு என் துப்பாக்கியை நான் சொல்லச் சொல்ல நீ துடை. ஜெனரல் சாப் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் வேலையும் அறையும் உனக்கு."

பட்டையையும் கொக்கியையும் காவலாளியிடம் விட்டுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு பூவராகவன் உள்ளே போனார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் பச்சைத் துணி விரித்த மேஜைகள். மேஜை மேலெல்லாம் துப்பாக்கிகள். எல்லாமே இரட்டைக்குழல், எல்லாமே நூறு வயதைத் தொட்டவை, தாண்டியவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சொந்தக்காரர் நின்றுகொண்டு, நவராத்திரிக் கொலுவில் தன் வீட்டுப் பொம்மையைக் காட்டும் மாமியைப்போல, வந்தவர்களை விடாமல் பிடித்து வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இதைப் பார், இதன் பூட்டைப் பார், இதை மூடும்போது வரும் சத்தத்தைக் கேள். ஒருவர் தன் துப்பாக்கியை மடக்கி மூடினார். மெத்தென்று ஒரே ஒரு சத்தம். இரும்பும் இரும்பும் சேர்ந்த சத்தம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

யாரைப் பார்த்தாலும் கையில் வெள்ளைத் துணியுறை. ஒரு ஜோடியைக் கர்னல் பூவராகவனிடமும் கொடுத்தார். தன் கை படக்கூடாது என்பதற்காக என்றுதான் பூவராகவன் முதலில் நினைத்தார். அது பழகிப்போன விஷயம், பெரிதாக வலிக்கவில்லை. கர்னலே விளக்கினார்: மனிதக் கை வேர்வையில் உப்பு இருக்கிறது, அது பட்ட இடத்தில் எஃகு துருப்பிடிக்கும், யார் கையானாலும் அப்படித்தான். பூவராகவன் கூடத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். சமஸ்தான வாரிசு, வக்கீல், ஆலை முதலாளி, எல்லாருடைய கையும் இந்த இடத்தில் அழுக்குக் கைதான். அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. உறையை மெதுவாக மாட்டிக்கொண்டார்.

போகிற வழியில் ராஜஸ்தானத்து அம்மாள் ஒருத்தி தன் தாத்தாவின் துப்பாக்கியை அவருக்கும் சேர்த்தே காட்டினாள். ஆள் யார் என்று அவள் பார்க்கவில்லை, பார்க்க ஒரு ஜோடிக் கண் கிடைத்தால் போதும் என்றிருந்தாள். பூட்டுத் தகட்டில் இரண்டு கௌதாரிகள் புல்லுக்குள்ளிருந்து கிளம்பிப் பறந்தன. பூதக்கண்ணாடியை நீட்டினாள். சிறகில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தது. குழலைத் திருப்பினாள். கறுப்பும் வெள்ளியுமாக அலை அலையாகக் கோடுகள், பட்டுப் புடவையை வெயிலில் பிடித்தது மாதிரி. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, காய்ச்சி, அடித்து, அடித்து, இப்படிக் குழலாக்குவார்களாம். கண்ணுக்குத் தெரியாத இந்த அழகுக்காக எவனோ ஒருவன் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிறானே என்று பூவராகவன் பிரமித்துப்போனார். தொழிலாளி பெயர் என்ன என்று கேட்கத் தோன்றியது. கேட்கும் தைரியம் வரவில்லை.

கர்னலின் மேஜைக்கு வந்தார்கள். துப்பாக்கியைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கர்னல் காட்டினார். பிறகு பூவராகவன் கையால் குழலை மட்டும் தனியே கழற்ற வைத்தார். போன வருடம் பூசிய எண்ணெய் உள்ளே இறுகிப்போயிருந்தது. நீளக் கம்பி, தூரிகை, சதுரம் சதுரமாக வெட்டிய ஃபிளானல் துணி.

"ஒரே தள்ளலாகத் தள்ளு. பாதியில் நிறுத்தித் திருப்பாதே. மறுபக்கம் வெளியே வரட்டும்."

பூவராகவன் தள்ளினார். முதல் துணி கரியாக வந்தது. அடுத்தது பழுப்பு. கர்னல் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார், இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்துகொண்டே இருந்தார். நகக்கீறல் பட்டால்கூட மகளின் படிப்பு போச்சு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கடைசியில் துணி போட்டபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார் என்றார் கர்னல்.

பூவராகவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

ஆயுசில் எத்தனை குழாய்க்குள் எட்டிப் பார்த்திருப்பார். டார்ச் அடித்தாலும் ஒரு முழத்துக்கு அப்பால் இருட்டுதான், நாற்றம்தான். மறுமுனை என்று ஒன்று இருப்பதை நம்பித்தான் பட்டையை விடுவார், கண்ணால் பார்த்ததில்லை. இங்கே வெளிச்சம் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, சுழிக்காமல் கலங்காமல் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை வளையத்துக்கும் அந்தப் பக்கம் தில்லி வானத்தில் ஒரு வட்டம். பூவராகவனுக்கு மெய் சிலிர்த்தது. "பெருமாளே," என்று வாய்விட்டுச் சொன்னார். கண்ணை எடுக்க மனம் வராமல் அடுத்த குழலையும் பார்த்தார்.

அப்போதுதான் ஜெனரல் வந்தார். கூட்டமும் கூடவே வந்தது. அன்றைக்குச் சிறந்த துப்பாக்கிக்கான பரிசு யாருக்கு என்று தீர்மானிப்பவர் அவர்தான். குழலை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பூவராகவனைப் பார்த்தார்.

"மதராசியா?"

"ஜி சாப்."

"மெட்ராஸ் ரெஜிமெண்ட்தானே? கையைப் பார்த்தாலே தெரிகிறது."

இன்னொரு 'ஜி' போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். பக்கத்தில் கிளப் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். கர்னல் வாயைத் திறந்தார். ஜெனரல் கையமர்த்தி, அவனே சொல்லட்டும் என்றார். ஸ்நேகா பஸ் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவது பூவராகவன் கண்ணுக்குள் வந்தது. என்றைக்கிருந்தாலும் பொய் வெளியே வரும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்த கையோடு பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"நஹி சாப். நான் பட்டாளத்தில் இருந்ததில்லை. நாலி சுத்தம் பண்ணுகிறவன். இந்த நாலி இல்லை, இன்னொரு நாலி. சாக்கடை."

மேஜை விளிம்பில் கை வைத்திருந்த ஆலை முதலாளி கையை எடுத்துக்கொண்டு அரை அடி பின்னால் போனார். பூவராகவன் அதைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெனரல் மறுபடியும் குழலைத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு அதை ஆலை முதலாளியிடம் நீட்டினார். "நீங்களும் பாருங்கள்."

அவர் வேண்டாவெறுப்பாக வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "வாஹ்," என்று மூச்சுவிட்டார். அடுத்து ராஜஸ்தானத்து அம்மாள் கை நீட்டினாள். அவளுக்கு அப்புறம் வக்கீல். பிறகு வரிசையே சேர்ந்துவிட்டது. பட்டுக் கோட்டும் முத்து மாலையுமாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒரு நாலிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பூவராகவன் தலை நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் காட்சியைப் பழைய கேம்ப் ஆட்கள் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

"எனக்குச் சம்மதம்," என்றார் ஜெனரல், மேனேஜர் பக்கம் திரும்பி.

மேனேஜர் பூவராகவனை ஓரமாக அழைத்தார். துப்பாக்கி அறையில் சேருகிறவர்களுக்கான போலீஸ் விசாரணை முடியக் கொஞ்ச நாளாகும், அதுவரை மிஸ்திரி கண்ணெதிரில்தான் வேலை, அறையை இப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"மூணு பேர் சாப். பொண்ணு மந்திர் மார்க் ஸ்கூல்ல படிக்குது."

"மந்திர் மார்க்கா? அறைக்குப் பின்னால் ஒரு சின்ன கேட் இருக்கிறது. அதைத் திறந்தால் நடந்தே போய்விடலாமே."

பூவராகவனுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில் நிற்கிறோம் என்பது மறந்தது. தில்லிக்கு வந்து படித்துக்கொண்ட இந்தி அத்தனையும் மறந்துபோனது.

"நாளைலேர்ந்து நடந்தே போவா சாமி," என்றார், தமிழில். "இருட்டுல எழுந்திரிக்க வேணாம். எம்புள்ள தூங்கட்டும்."

என்ன சொல்கிறான் என்று ஜெனரல் கர்னலைக் கேட்டார். கர்னலுக்கும் தெரியவில்லை.