செல்லபாயின் பிச்சாத்தி

வலது கை கத்தியை அசைக்கவில்லை. அலகு முழங்காலோடு ஒட்டி நிலையாக நிற்க, இடது கை பாளையை மெல்லப் பின்னுக்கு இழுத்தது. கமுகம்பாளையின் தடித்த அடிப்பகுதி சுருள் சுருளாகச் சீவுண்டு விழுந்தது. கொஞ்சம் இழுத்ததும் கை நின்றது. பெருவிரல் ஓரத்தை அடியிலிருந்து நுனிவரை தடவிப் போனது. ஓரிடத்தில் நார் தட்டியது. மறுபடியும் கத்தி.

பிறந்த பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவதற்கான பாளை அது. ஊறவைத்த பாளையின் இரு பக்கமும் மேலே வளைந்து நிற்கும். எண்ணெய் தேய்த்த பிள்ளை வழுக்கிப் போகாது. ஆனால் ஒரு சிலாம்பு நின்றுவிட்டால் அந்த முதுகு தாங்காது.

கைகள் செல்லபாயினுடையவை. குளச்சலுக்குக் கிழக்கே, ஒரு மேட்டு நிலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளியும் வாழையும் போட்டுப் பிழைத்த விதவை. அவளிடம் இருந்த ஒரே கத்தி அந்தப் பிச்சாத்தி. மடங்காத கத்தி. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அலகு. அதன் வால் மரப்பிடிக்குள் இறங்கி, உருக்கி ஊற்றிய அரக்கில் நின்றது. மரச்சீனிக் கம்பைத் துண்டு போடுவதும், வாழைக்கன்றின் வேரைக் கழிப்பதும், நார் கிழிப்பதும், ஆட்டுக்குக் குழை வெட்டுவதும், கிழங்கின் தோலை உரிப்பதும் அதைக் கொண்டுதான். வெள்ளைக்கல்லைப் பொடித்துப் பலகையில் தூவித் தீட்டுவாள். அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்டால் கத்தியைக் கொடுக்கமாட்டாள். தானே போய் வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள்.

வாழைக்கறை இரும்பைக் கறுக்க வைக்கும். அதற்கு அவள் கண்ட வழி, தொழுவத்தை ஒட்டிய எருக்குழியின் ஈர மண்ணில் அலகைக் குத்திக் குத்தி எடுப்பது. கறை கழன்றுவிடும். பிறகு சாம்பலால் தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் அலகில் முகம் தெரியும்.

அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை வீட்டுக் கத்தியால் அறுப்பது வழக்கம். அறுத்த கத்தியைப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பார்கள். இரும்பு இருக்கும் இடத்துக்குக் கெட்டது எதுவும் வராது என்று நம்பிக்கை. செல்லபாயின் மகள் நேசம்மாள் 1930இல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மருத்துவச்சி சொர்ணம்மாள் கை நீட்டியதும் செல்லபாய் பிச்சாத்தியைத் துடைத்துக் கொடுத்தாள். பிள்ளை நல்ல நிறமாக, கனமாக இருந்தது. ஒரு வாரம் ஆனபோது பால் குடிக்கவில்லை. வாய் கிட்டிப்போயிற்று. உடம்பு வில்லாக வளைந்தது. மறுநாள் அடக்கம் செய்தார்கள்.

வேலைக்கு வேண்டுமென்று கத்தியைத் தலைமாட்டிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. செல்லபாயும் அதையே நம்பினாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது கத்தியை அந்த இடத்தை விட்டு அசைக்கவே இல்லை. அந்தப் பிள்ளையும் அதே விதமாகத்தான் போனது.

மூன்றாவது தடவை வயிறு தெரியத் தொடங்கியதும் நேசம்மாள் தனியாகத் தாயைத் தேடி வந்தாள். செல்லபாய் மரச்சீனிக் கம்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, பேறுகாலத்துக்கு நான் இங்க வரல்ல.”

“பின்ன எங்க போவ? மாமியாரு வீட்டுலயா? ஊரு சிரிக்கும் பிள்ள.”

“சிரிச்சா சிரிக்கட்டும். மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மை வாறேன்னு சொல்லிருக்கு. அது ஒண்ணு கேட்டுது. கொடிய எது வச்சு அறுத்தியன்னு. எங்கம்மைக்க பிச்சாத்தின்னு சொன்னேன். அதுக்கு முந்தி அது எதை அறுத்துதுன்னு கேட்டுது.”

செல்லபாயின் கை நின்றது.

“நீதான் சொல்லணும்” என்றாள் நேசம்மாள். “ரெண்டு தடவையும் அன்னைக்குக் காலத்த அத வச்சு என்ன செய்த?”

“வாழைக்கன்னு கழிச்சேன்.”

“பொறவு?”

“எருக்குழில குத்திக் கறை எடுத்தேன். தொடச்சேன் மக்கா. கண்ணாடி கணக்கா தொடச்சில்லா குடுத்தேன்.”

“தொடச்சா போவாதாம். மண்ணுல சாணியில உள்ள விஷமாம் அது. வேவிக்கணுமாம்.”

நேசம்மாள் வந்த வழியே போனாள். அன்றிலிருந்து தாய்வீட்டுக்கு வரவில்லை.

கத்தியைக் குளத்தில் எறி என்றாள் சொர்ணம்மாள். செல்லபாய் எறியவில்லை. எறிந்தால் நாளைக்குக் கம்பு வெட்டக் கத்தி கிடையாது. ஒரு நாள் அதைச் சோற்றுப் பானையில் போட்டு வேகவைத்தாள். அரக்கு இளகி, பிடி ஒரு பக்கமும் அலகு ஒரு பக்கமுமாக வந்துவிட்டது. வெந்த அலகைத் துணியில் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரக்கை உருக்கி மறுபடியும் பொருத்தினாள்.

மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி ஏசுஅடிமை சொல்லியனுப்பித் தெரிந்தது. ஏசுஅடிமை நேசம்மாளின் கணவன். ‘வாருங்கள்’ என்று அவன் சொல்லியனுப்பவில்லை. நாட்களை எண்ணிக்கொண்டு செல்லபாய் நிலத்திலேயே கிடந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் கடியப்பட்டணத்து மீன்காரி இசபெல் கூடையை இறக்கினாள். மீனுக்குக் கிழங்கு மாற்றிக்கொண்டு போகிறவள்.

“சாள இருக்கு செல்லபாயி. கண்ணப் பாரு, ஒனக்க கண்ணவிடத் தெளிஞ்சு கெடக்கு.”

“நேத்தத்த மீனா?”

“ஒனக்கு என்னைக்கு நேத்தத்த மீன் தந்தேன்? செரி, அது போட்டு. ஒனக்க மக வீட்டு வழியாத்தான் வந்தேன். எட்டு நாளும் கழிஞ்சாச்சு. பேத்தி பால்ல அட்ட மாதிரில்லா ஒட்டிக் கெடக்கா. இப்பிடிக் குடிச்சா தள்ளக்காரி மெலிஞ்சு போவா.”

செல்லபாய் மீனுக்கு மாற்றாகக் கிழங்கை எடுத்து வைத்தாள்.

“ஏட்டி, சந்தோசமில்லியா ஒனக்கு?”

“உண்டு” என்றாள்.

அந்தச் சந்தோஷத்தோடு இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. இந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டால், நர்ஸ் சொன்னது சரி. அது சரியென்றால் அந்த இரண்டு பிள்ளைகளும் யார் துடைத்துக் கொடுத்த கத்தியால் போயின என்பதில் இனிச் சந்தேகம் கிடையாது. இவ்வளவு நாளும், இந்தப் பிள்ளைக்கு எதுவும் வந்துவிடக்கூடாது என்றுதான் அவள் ஜெபம் செய்தாள். ஜெபம் கேட்கப்பட்டது.

இசபெல் போனதும், கமுகின் கீழே விழுந்து கிடந்த பச்சைப் பாளைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து ஊறவைத்தாள். அலகை மட்டும் கொதிநீரில் பிடித்து வேகவைத்துவிட்டுச் சீவ உட்கார்ந்தாள்.

பெருவிரலுக்கு எதுவும் தட்டாமலானபோது வெயில் சாய்ந்திருந்தது. பாளையைத் துணியில் பொதிந்துகொண்டு நடந்தாள். கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டாள். எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் அந்தக் கனம் இல்லாமல் நடப்பது அவளுக்குப் பழக்கமில்லை. கை அடிக்கடி அங்கே போய்த் தேடியது.

ஏசுஅடிமை வேலிப்படலைத் திறந்தான். “வாங்க மாமி” என்றவன் வாசற்படியைப் பார்த்தான். நேசம்மாள் வந்து நிலைக்காலைப் பிடித்தபடி நின்றாள்.

“பாளை கொண்டாந்தேன்” என்றாள் செல்லபாய்.

“எது வச்சுச் சீவின?”

“அத வச்சுத்தான். வேற எனக்கு என்ன இருக்கு. வேவிச்சேன் மக்கா.”

உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. வாயை முழுக்கத் திறந்து அழும் அழுகை. செல்லபாய் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். படியில் கால் வைக்கவில்லை. உள்ளே வா என்று யாரும் சொல்லவும் இல்லை.

பொதிந்த துணியை அவிழ்த்தாள். பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று தடித்த அடிப்பக்கத்தை மகளை நோக்கித் திருப்பி, பாளையை நீட்டினாள். நேசம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.