இரண்டாவது அடுப்பு

நந்தனத்துக்குப் பின்னால் அடையாற்றங்கரையில் எங்கள் குடிசை இருந்தது. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான், என் மனைவி, கைக்குழந்தை என்று ஏழு பேரும் அதற்குள்தான். அண்ணன் ரிக்‌ஷா ஓட்டினார். நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் மூட்டை இறக்கினேன். அண்ணி ஒரே பானையில் சோறு வடிப்பார். யாருக்கு எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், குடிசைகளை எடுத்துவிட்டு சர்க்கார் செலவில் மாடிவீடு கட்டித் தரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கரைக்குச் சற்றுத் தள்ளியிருந்த பொட்டலில் இரண்டு கட்டடங்கள் எழும்புமாம். கணக்கெடுக்க ஓர் ஆள் வருவாராம். அவர் தலையை எண்ண மாட்டார், அடுப்பை எண்ணுவார். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. டீக்கடையில் இந்தப் பேச்சு கிளம்பியதும் கரை முழுக்க அடுப்புகள் முளைத்தன.

எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அண்ணிதான்.

"ஒரே ரூம்ல ஏயு பேரு எப்டிப் படுக்கறது? இங்கன்னா வெளிய ஓலைய இஸ்து கட்டிக்கிறோம். மாடில இன்னாத்த இஸ்து கட்டுவே?"

அண்ணன் பின்பக்க ஓலையைப் பிரித்து இன்னொரு வாசல் வைத்தார். பழைய தகரத்தை வெட்டி அதற்குக் கதவு போட்டார். நடுவில் கோணியைத் தொங்கவிட்டோம். என் மனைவி களிமண் பிசைந்து அடுப்பு வைத்தாள். கணக்கெடுப்பவர் எப்போது வருவார் என்று தெரியாது. சாம்பல் இல்லாத அடுப்பைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று தினமும் தனித்தனியாகவே சமைத்தோம். முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. கோணிக்கு அடியில் குழம்புக் கிண்ணம் அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை அவர் வந்தார். கையில் தார்ச்சட்டியும் பிரஷ்ஷும் இருந்தன.

"ஏம்பா, இது ஒரு குடிசைதானே? நடுவுல கோணியக் கட்டிட்டா ரெண்டு குடும்பமாயிடுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

புது ஆளிடம் எனக்கு நாக்கு எழாது. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி குறுக்கே வந்து விழுந்தார்.

"அத்த இன்னா கேக்குற சார், என்னைக் கேளு! அது பொண்டாட்டி வெக்கிற கொயம்ப நாய்கூட மோந்து பாக்காது. இதுல என் சட்டிலேர்ந்து மீன் தலைய வேற திருடிக்கினு பூடுவா. இதுங்ககூட ஒரே பானைல துன்றதுக்கு நான் பட்டினியே கெடப்பேன்!"

என் மனைவி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"போதும்மா, வாய மூடு. பாவம், அந்தப் பொண்ணு அழுவுது பாரு" என்று சொல்லி, இரண்டு கதவுகளிலும் வெவ்வேறு நம்பரைத் தாரால் எழுதிவிட்டுப் போனார்.

"அடியே, உன்னை டிராமாவுல வுட்டா பெரிய ஆளாயிடுவே" என்றார் அண்ணன். அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து என் மனைவி என்னிடம் கேட்டாள். "எத்தினியோ சொல்லலாம். மீன் தலைன்னு அக்காவுக்கு ஏன் வாய்ல வந்துச்சு? மனசுல இருந்தாத்தான வரும்?" அதன்பிறகு கோணிக்கு அடியில் கிண்ணம் போவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

முதல் கட்டடம் முடிந்தது. அண்ணனின் நம்பருக்கு அதில் வீடு வந்தது. எங்கள் நம்பருக்கு இரண்டாவது கட்டடம். அதில் தூண்கள் ஆள் உயரத்துக்கு எழும்பியதோடு வேலை நின்றுபோயிருந்தது. ஆபீசுக்குப் போய் அரைநாள் நின்று, துணிந்து கேட்டேன்.

"ஒதுக்கின பணம் முதல் கட்டடத்தோட முடிஞ்சுபோச்சுப்பா. அடுத்த பணம் வந்தாத்தான் வேலை" என்றார் அதிகாரி.

"எப்ப சார் வரும்?"

"மேல எழுதியிருக்கோம்."

பணம் வருவதற்கு முன்னால் கரைக் குடிசைகளை இடிக்க ஆட்கள் வந்தார்கள். கோணிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அவர்கள் பார்க்கவில்லை. கூரை ஒன்றாகத்தான் விழுந்தது. நம்பர் எழுதிய தகரக் கதவை மட்டும் நான் கழற்றிக்கொண்டேன். அண்ணனின் புது வீட்டில் போய் ஒண்டினோம். அண்ணி பெண்களின் பாயைச் சுருட்டி எங்களுக்கு இடம் விட்டார். ஏழு பேரும் எப்படியோ படுத்தோம்.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள், கொடுத்த வீட்டில் அதைப் பெற்றவர்கள்தான் இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பினார்கள். வந்தவர் தார்ச்சட்டிக்காரரேதான். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இதுங்ககூட ஒரே பானைல துன்ன மாட்டேன்னியேம்மா?"

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவன் சார்" என்றார் அண்ணன். "ஒரே குடும்பம்தான்."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஏழு பேரையும் ஒண்ணாப் போட்டிருப்பேன். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. வேற குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க? வேற குடும்பத்தை உள்ள வெச்சா சாவியைத் திருப்பி வாங்கணும்னு உத்தரவு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்."

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் மறுநாளே கிளம்பினோம்.

போக்கிடம் இல்லாமல் இரண்டாவது கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே ஓலை கட்டிக்கொண்டோம். எங்களைப் போல் இன்னும் பல குடும்பங்கள் அங்கே இருந்தன. தூண்களின் உச்சியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் அவற்றில் துணி உலர்த்தினார்கள். யாராவது வந்து கேட்டால் காட்டலாம் என்று நம்பர் தெரியும்படி தகரத்தை வெளியே சாய்த்து வைத்தேன். நாங்கள் அங்கே இருந்த வருஷங்களில் ஒருவரும் வந்து கேட்கவில்லை. மழை நாளில் அடுப்பை மூடத்தான் அது உதவியது.

அங்கே போன முதல்நாள் சாயங்காலம் அண்ணி தன் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மே, கொயம்பு கீது. கிண்ணம் எட்தாந்து வாங்கிக்கினு போ!"

என் மனைவி நிமிரவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். களிமண் இன்னும் காயாததால் தீ பிடிக்கவில்லை. புகைதான் வந்தது. அண்ணி இரண்டாவது முறையும் கூப்பிட்டார். நான் போய் வாங்கியிருக்கலாம். ஆனால் என்னைக் கூப்பிடவில்லையே என்று நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை கூப்பிடவில்லை.