வண்டி ஒத்துக்கொள்ளாதவர் வாங்கிய வண்டி

என் சகலைக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்வதில்லை, சிலருக்கு மாமியார். இவருக்கு நான்கு சக்கரத்தில் ஓடும் எதுவுமே ஆகாது. பஸ் கிளம்பி இரண்டு திருப்பம் திரும்பினால் முகம் வெளுக்கும். அடுத்த திருப்பத்தில் அவர் மனைவி கைப்பையைத் திறப்பார். பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு, ஓர் எலுமிச்சம்பழம் இல்லாமல் அந்தக் கைப்பை வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அவர் என் மனைவிக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

சகலை தன் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்து இறங்கினாராம். மாப்பிள்ளையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருக்க, கண் சொருகி, கால் பின்ன அவர் நடந்து வந்ததைப் பார்த்து என் மாமனாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது. குடிகாரனுக்கா பெண்ணைக் கொடுக்கிறோம் என்று உள்ளே ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கிறது. யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழ வாசனைதான்யா வருது" என்று சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்ததாம். இந்தக் கதையை வீட்டு விசேஷம் தவறாமல் நான் எடுத்துவிடுவேன். அவரும் சிரிப்பார். எனக்குத் தொழிலே பேக்கரி வேன் ஓட்டுவது. விடிவதற்குள் ரொட்டியை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வருகிறவனுக்கு, உட்கார்ந்த இடத்தில் வாந்தி எடுக்கிற மனிதரைப் பார்த்தால் கேலி வராமல் வேறு என்ன வரும்?

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடை வீட்டிலிருந்து நடக்கிற தூரம், மார்க்கெட் கடையிலிருந்து நடக்கிற தூரம். அதற்கு அப்பால் உலகம் கிடையாது என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தார். நாள் முழுக்க ஒரு கண்ணை மூடச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?" என்று கேட்பார். வீட்டிலும் அதே பேச்சுதான். அக்கா இரண்டு புடவையைக் காட்டினால்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

அந்த நிம்மதி மகள் கல்யாணத்தோடு போயிற்று. ஒரே மகள். மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனால் மலைமேல் வேலை, மலைமேல் வீடு. ரயில் போகாது. பஸ் மட்டும்தான், அதுவும் வளைந்து வளைந்து ஏறும் ரோடு. மகளே அடிக்கடி இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனதால் ஏதோ காலம் ஓடியது. அப்புறம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தை என்பதால் கொஞ்ச காலம் கீழே அழைத்துக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைக் கையில் வாங்கினார். தாத்தா போனில் பார்த்தார்.

ஒரு தடவை முயற்சி செய்யாமல் இல்லை. காலையில் எதுவும் சாப்பிடாமல், மாத்திரை போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு அக்காவோடு பஸ் ஏறினார். மலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு கண்டக்டரே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாராம். "கடையில அவசர வேலை வந்துடுச்சும்மா, இன்னொரு நாள் வர்றேன்." மறுமுனையில் அவளுக்குப் பஸ் ஹார்ன் கேட்காமலா இருக்கும்? "சரிப்பா, வேலையை முடிச்சுட்டு மெதுவா வாங்க" என்று மட்டும் சொன்னாளாம். அக்கா இதைச் சொல்லிவிட்டு அழுதார். வேனை எடுத்து வரவா என்று நான் அன்றைக்குப் போனில் கேட்டதற்கு, "வேண்டாம் சகலை, அதுவும் வண்டிதானே" என்றார் அவர். இரண்டு பேரும் அடிவாரம் வரை நடந்தே வந்தார்கள்.

விடிவு ஒரு டாக்ஸிக்காரர் ரூபத்தில் வந்தது. கண்ணாடி மாற்ற வந்தவரிடம் சகலை பேச்சுவாக்கில் தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கும் அப்படித்தான் சார். பின்னாடி உக்காந்தா குடலைப் புரட்டும். ஸ்டியரிங்கைப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது. வளைவு வரப்போவுதுன்னு கை முன்னாடியே வயித்துக்குச் சொல்லிடும்ல" என்றாராம் அவர்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். இவர் மறுநாளே கடையை அடைத்துவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். தலை நரைத்தபின் இது என்ன புதுப் பைத்தியம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவர் அக்காவிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதானாம்: "ஒண்ணும் ஆகலை." பரீட்சையில் பாஸானதைச் சொல்லும் பிள்ளையைப்போலச் சொன்னார் என்று அக்கா சொன்னார்.

லைசென்ஸ் வந்ததும் பழைய கார் வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய கார்கள் விற்கும் ஒரு யார்டுக்குக் கூட்டிப்போனேன். நான் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறேன், குனிந்து டயரைப் பார்க்கிறேன். சகலை எதையும் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சாருக்குக் கழுத்துல ஏதாவது பிடிப்பா?" என்று புரோக்கர் என் காதில் கேட்டார்.

"இந்த வண்டி வேண்டாம்," என்று இறங்கினார் சகலை. "கண்ணாடி வழியா பாத்தா அந்தக் கம்பம் நெளியுது. மாத்திப் போட்ட கண்ணாடி."

அடுத்த காரில் வைப்பர் போட்ட கீறல். அதற்கடுத்ததில் ஓரத்தில் மங்கல். புரோக்கர் பொறுமை இழந்து, "சார், ஓடறது எஞ்சின் சார், கண்ணாடி இல்ல" என்றார். சகலை காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. கடைசியில் சுவரோரமாக, வெயிலில் சாயம் வெளுத்துப்போன பச்சை நிறத்தில் ஒரு சின்ன கார். நான்கு பேர் உட்கார்ந்தால் மூச்சு விடுவதற்கு முறை வைக்க வேண்டும். அதற்குள் உட்கார்ந்து பார்த்தவர் இரண்டு கண்ணையும் திறந்தார்.

"சகலை, கண்ணாடி இருக்கிறதே தெரியலை" என்றார்.

எஞ்சினும் நன்றாகத்தான் இருந்தது. நானே ஓட்டிப் பார்த்தேன். யார்டு கேட் வழியாக நேராக வெளியே போய், பெரிய ரவுண்டு அடித்து, நேராக உள்ளே வந்து நிறுத்தி, "தைரியமா வாங்குங்க" என்று பச்சைக்கொடி காட்டினேன். வாங்கி வீட்டுச் சந்தில் கொண்டுவிட்ட பிறகுதான் தெரிந்தது, ரிவர்ஸ் கியர் விழவில்லை. தினமும் வேன் ஓட்டுகிறவன், ஒரே ஒரு தடவை பின்னால் எடுத்துப் பார்க்கவில்லை! தெருவே சேர்ந்து தள்ளி வெளியே எடுத்தது. அன்றைக்கு நான் அசடு வழிந்ததைப் பார்த்து என் மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மெக்கானிக் ஒரு வழி சொன்னார். நேராக ரிவர்ஸ் போட்டால் அடம்பிடிக்கும். முதலில் மூன்றாவது கியரைத் தொட்டு, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை ஒரு தடவை விட்டு மிதித்து, அப்புறம் போட்டால் விழும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, பல் கடிக்கிற சத்தம்தான் வரும். சகலைக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. லென்ஸை எடுத்து லென்ஸைப் போடுவதுபோல, "இதுவா... அதுவா..." என்று முனகிக்கொண்டே போடுவார், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணியைக் கொண்டுவந்து முன்கண்ணாடியைத் துடைப்பார். மற்றபடி கார் முழுக்க அழுக்காக இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

மலைக்குப் போகும் நாளும் வந்தது. "அக்காவை அவரோட தனியா அனுப்ப முடியாது, நீங்களும் போங்க. ஏதாவது ஒண்ணுன்னா நீங்க ஓட்டுவீங்கல்ல" என்று என் மனைவி என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள். நானும் பெரிய மனிதத் தோரணையில் கால் மேல் கால் போட முயன்றேன், இடமில்லை. அக்கா முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடிவாரம்வரை ஒரு குறையும் இல்லை. மலை தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அக்கா திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார். நானும் கண்ணாடியில் பார்ப்பேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவரை இறக்கிவிட்ட அந்தக் கல் வந்தது. அக்கா அதைக் காட்டக் கையைத் தூக்கி, கைப்பையைப் பிடித்துக்கொண்டார். கார் அதைத் தாண்டியது.

கொஞ்சம் மேலே ஒரு குறுகலான வளைவில் எதிரே பஸ் வந்து நின்றது. ஒதுங்க இடமில்லை, நாங்கள் பின்னால் போனால்தான் வழி. பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான், ஒரு பக்கம் பள்ளம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சகலை, இறங்குங்க! நான் எடுக்கறேன்!"

"வேண்டாம்."

"சொன்னா கேளுங்க, எனக்கு இதான தொழில்!"

"நீங்க ஓட்டினா நான் உக்காந்து வரணும்," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "உக்காந்தா இன்னைக்கும் என் பேத்தியைப் பாக்க முடியாது. சும்மா இருங்க சகலை."

அவர் மூன்றாவதைத் தொட்டார், நியூட்ரலுக்கு வந்தார், கிளட்சை விட்டு மிதித்தார். "இதுவா... அதுவா..." கியர் விழுந்தது. மெதுவாக, ஓரக் கல்லைப் பார்த்துப் பார்த்து, அகலமான இடம்வரை பின்னால் எடுத்துவிட்டார். பஸ் போகும்போது டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனான். சகலையும் தூக்கினார். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பிறகு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுதான் எனக்கு வினையாயிற்று. வளைவுக்கு முன் ஒரு பிரேக், வளைவில் ஓர் உதறல், நேரானதும் ஒரு பாய்ச்சல். பின்சீட்டு ஜன்னல் பாதிதான் இறங்கும். முதலில் காதோரம் வேர்த்தது. அப்புறம் வாயில் எச்சில் ஊறியது. இருக்காது, காலையில் சாப்பிட்டது சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வளைவு கழித்து, எத்தனை வருஷம் ஓட்டினால்தான் என்ன, குடல் தொண்டைக்கு வந்தது.

"அக்கா..." என்றேன்.

அவர் திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கைப்பை திறந்தது. கவர், துண்டு, எலுமிச்சம்பழம், எல்லாம் வரிசையாகப் பின்னால் வந்தன. அதற்குப் பிறகு வழியில் நான் எதையும் பார்க்கவில்லை.

மகள் கேட்டிலேயே நின்றிருந்தாள். ஒரு கையில் பக்கெட், தோளில் துண்டு. முன்னறையில் பாய் விரித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வைத்திருந்தாள். அப்பா வந்து இறங்கினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம். கார் நின்றதும் ஓடிவந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

சகலை நிமிர்ந்து இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாப்பா எங்கேம்மா? இரு, கையைக் கழுவிட்டு வர்றேன். சாப்பிட என்ன இருக்கு? பசி உயிர் போகுது."

அவள் பக்கெட்டோடு அப்படியே நின்றாள். "சாப்பாடா? உங்களுக்குக் கஞ்சிதானேப்பா வச்சிருக்கேன்..." என்றவள், பாதியில் நிறுத்தி, சிரிக்க ஆரம்பித்து அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "கஞ்சியைச் சித்தப்பாவுக்குக் குடும்மா. பக்கெட்டையும் அங்கே கொண்டு போ."

ஆக, பாய் எனக்கு, பக்கெட் எனக்கு, கஞ்சியும் எனக்கு. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இனி எந்த விசேஷத்திலும் அந்தக் கல்யாணக் கதையை எடுக்க முடியாது, எடுத்தால் இந்தக் கதை வரும் என்று அப்போதே புரிந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. குழந்தைக்கு முன்னால் விரலை ஆட்டிக்கொண்டு, "இது தெரியுதா... அது தெரியுதா..." என்று சகலை கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு வைக்கும் சத்தம். அடுத்து அவர் சொன்ன வார்த்தையை, வெளியூர் போன இடத்தில் அவர் சொல்லி நாங்கள் யாருமே கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார்.