கணக்கம்மா போட்ட மதிப்பு

கதவுக் கீல் செய்யும் அந்த ஆலையில் அவரை எல்லாரும் கணக்கம்மா என்றே அழைத்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக நிதிப் பொறுப்பு அவர் கையில். பென்சிலால் ஒருமுறை, பேனாவால் ஒருமுறை, கணினியில் ஒருமுறை என எதையும் மும்முறை கூட்டிப் பார்ப்பவர். ஆனால் யானைக்கும் அடி சறுக்கும்.

முதலீட்டு நிறுவனம் ஒன்று ஆலையில் நாலில் ஒரு பங்கு கேட்டு வந்தது. ஆண்டு இலாபத்தின் எட்டு மடங்கே ஆலையின் மதிப்பு என்று பேச்சு. கணக்கம்மா காட்டிய இலாபம் தொண்ணூறு இலட்சம். ஆகவே மதிப்பு ஏழு கோடியே இருபது இலட்சம். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு முள் இருந்தது. இலாபம் ஆண்டுதோறும் நூற்றுக்கு முப்பது வளரவேண்டும். தவறினால் ஆலையில் பாதிக்குமேல் அவர்களுக்குப் போய்விடும்.

கையெழுத்துக்கு முந்திய நாள், உணவு இடைவேளை. தகடு வெட்டும் பகுதியைக் கவனிக்கும் முதலாளியின் மச்சான் கேட்டார்: "கணக்கம்மா, வெளியாள் உள்ள வந்தா எனக்கும் மாசச் சம்பளமாமே? பதினாறு வருஷமா ஓசியில உழைச்சிருக்கேன்!"

"ஓசியிலயா? வருஷக் கடைசியில லாபத்துலேர்ந்து அள்ளிட்டு வர்றது யாராம்?" என்று மடக்கினார், கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, முதலாளியின் தங்கை.

எல்லாரும் சிரித்தார்கள். கணக்கம்மா மட்டும் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தார்.

வீட்டு மனிதருக்குச் சம்பளம் எதற்கு என்பது முதலாளியின் தந்தை வகுத்த வழக்கம். முதலாளி, தங்கை, மச்சான் மூவர் பெயரும் சம்பளப் பட்டியலில் ஏறியதே இல்லை. அவர்கள் வேலைக்கு வெளியாரை அமர்த்தினால் ஆண்டுக்கு முப்பத்தாறு இலட்சம் ஆகும். மெய்யான இலாபம் ஐம்பத்து நான்குதான். வெளியார் பங்கு வந்தபின் அந்தச் சம்பளம் கணக்கில் ஏறியே தீரும்; ஒப்பந்தம் கேட்கும் வளர்ச்சி முதல் ஆண்டே பொய்த்துவிடும். சொன்னால் தம் பெயர் கெடும். சொல்லாவிட்டால் ஆலை போகும்.

டப்பாவை மூடிவிட்டு நேரே முதலாளி அறைக்குள் நுழைந்தார்.

"ஐயா, தப்பு பண்ணிட்டேன். உங்க மூணு பேர் உழைப்பை லாபம்னு காட்டிட்டேன்."

அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கை முதலாளி இருமுறை படித்தார். முகம் வெளுத்தது. "மதிப்பு மூணு கோடி கம்மியாகுதே!"

"கிட்டத்தட்ட. ஆனா கையெழுத்துப் போட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

"சரி, நாம சொந்தக் கால்ல எவ்வளவுதான் வளர முடியும்?"

"ஆலையில போட்டிருக்கற முதல் நாலரைக் கோடி. லாபம் முழுசையும் உள்ளேயே விட்டா, கடன் கூடாம, வருஷத்துக்கு நூத்துக்குப் பன்னெண்டு."

முப்பது எங்கே, பன்னிரண்டு எங்கே! முதலாளி உடனே முதலீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசினார். உள்ளதை உள்ளபடி சொல்லி, பங்கு விற்கவில்லை என்றார். மறுமுனையில் கோபம் இல்லை. முன்கூட்டியே சொன்னதற்கு நன்றிதான் வந்தது.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் முதலாளி. "முப்பது முப்பதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லைம்மா. அகலக்கால் வைக்கிறோம்னு உள்ளுக்குள்ள உதறல்தான். வெளிய சொல்ல வெக்கம்."

ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் பாதி எழுதியிருந்த கணக்கம்மா, அதை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"மிச்சத்தைச் சாப்பிட்டு வந்துடறேன் ஐயா," என்றார். "பசிக்குது."