சைனப் சுற்றிய சக்கரம்

எங்கள் வீட்டுக்கும் முகைதீன் பிச்சை வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் எவ்வளவு பேசிக்கொண்டார்கள் என்று யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பிச்சை கீழமாசி வீதி இரும்புக்கடை ஒன்றில் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். தங்கமான மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் வரி போடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி இருப்பார். சைனப் அப்படியே எதிர்ப்பதம். மேலூரில் ஆளும் பேருமாகக் கிடந்த வீட்டில் பிறந்தவள். இங்கே வந்தால் மாமியார் இல்லை, மாமனார் இல்லை, பிள்ளையும் தங்கவில்லை. காஜிமார் தெருவில் அந்தக் காலத்தில் ஒரு பெண் நினைத்தபோது துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள்:

“மதினி, ஒங்க வீட்டுல அவுக ஒங்ககிட்ட பேசுவாகளா?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இப்படியே நாலைந்து வருஷம் போனபிறகுதான் லேத்து வந்தது. ஏதோ மில்லில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதைப் பிச்சை வாங்கி வந்திருந்தார். தையல் மிஷினைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். இரும்பையோ பித்தளையையோ அதில் மாட்டிச் சுழலவிட்டு உளியை ஒட்டிப் பிடித்தால் வேண்டிய உருவத்துக்குக் கடைந்து வரும். துரை அதைக் காலால் மிதித்து ஓட்டினாராம். பிச்சைக்கு வலது முழங்கால் மடங்காது. கடையில் இரும்புக்கட்டு சரிந்து விழுந்ததில் வந்த வினை. அதனால் ஆசாரியிடம் சொல்லி வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மரச்சக்கரம் செய்து, கைப்பிடி வைத்து, சுவரோரம் நிறுத்தினார். சக்கரத்திலிருந்து லேத்துக்கு ஒரு தோல்வார். அவருடைய இரண்டு கையும் உளியில் இருக்கும். ஆகவே சக்கரத்தைச் சுற்ற இன்னோர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த இன்னோர் ஆள் சைனப்.

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து கடைக்குக் கிளம்பும் வரை அவருக்கு அதே வேலை. விற்கவும் மாட்டார், யாரையும் அழைத்துக் காட்டவும் மாட்டார். கட்டைவிரல் பருமனில் ஒரு தண்ணீர்ப் பம்பு செய்தார். அது நிஜமாகவே தண்ணீர் இறைத்தது. உள்ளங்கையில் நிற்கும் மாவு மில் ஒன்று செய்தார். தெருவில், “பிச்சை அண்ணே பொம்மைக் கல்யாணத்துக்குச் சீர் செய்யுறாரு” என்று கேலி பேசினார்கள். என் வீட்டுக்காரரும் பேசினார்.

எனக்குக் கேட்டது வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் முதல்முறையாக அவர் குரல் கேட்டது. “மெல்ல.” “இன்னும் கொஞ்சம்.” “போதும்.” சைனப் சுற்றிக்கொண்டே மேலூர்க் கதை, மீன்காரி சண்டை, கனவில் வந்தது எல்லாம் சொல்வாள். அவர் “ம்” கொட்டுவார். சில நாள் “பெறகு?” என்றுகூடக் கேட்பார். வேலை ஓட வேண்டுமென்றால் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும், கையைக் காட்டியாக வேண்டும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உளி உலோகத்தில் அழுந்திக் கடிக்கும்போது கைப்பிடி கனக்குமாம். அவர் சொல்வதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவாள்.

கிணற்றடிக்கு வரும்போது அவள் தலைமுடியில் பித்தளைத் தூள் மினுங்கும். “தட்டிவிடு புள்ள” என்பேன். “கெடக்கட்டும் மதினி” என்பாள். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டவள்கூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பிச்சை பார்த்துவிட்டார். பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். மறுநாளிலிருந்து ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். கன்னாரிடம் சொல்லிச் செம்பில் ஒரு கொதிகலம் அடித்து வாங்கினார். உருக்கி ஊற்றிய இரும்பு வார்ப்பு ஒன்று வந்தது. அதைக் குடைய வேண்டும், தண்டு கடைய வேண்டும், சின்னச் சின்னத் திருகாணி ஐம்பது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சைனப் சக்கரம் சுற்றினாள். தோள் வலியோடு சுற்றினாள். வலிக்கிறது என்று மூச்சு விடவில்லை. விட்டால் நிறுத்திவிடுவாரே.

“என்ன மச்சான் செய்யுறீக, இம்புட்டுப் பெருசா?” என்று கேட்டாளாம்.

“முடியட்டும், சொல்றேன்.”

இரண்டு வருஷத்துக்குப் பக்கத்தில் ஆயிற்று. ஒரு காலையில் கரியைப் போட்டு ஊதி, ஆவியைத் திறந்துவிடும் சின்னப் பித்தளைத் திருகைத் திருப்பினார். நீராவி இன்ஜின் ஓடியது. அதிலிருந்து ஒரு வார் நேரே லேத்துக்குப் போனது. லேத்து தானாகச் சுழன்றது. பிச்சை அவளைப் பார்த்து, அந்த வீட்டில் அதுவரை யாரும் பேசாத அளவுக்கு நீளமாகப் பேசினார்:

“இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம் சைனப். ஒனக்காகத்தான் செஞ்சேன். தோளுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு நிம்மதியா இரு.”

அவள் சிரித்திருக்கிறாள். என்ன செய்வாள்? தனக்குப் பதிலாக வரப்போகும் ஆளுக்குக் கையும் காலும் அவளேதான் சுற்றிச் சுற்றிச் செய்துகொடுத்திருக்கிறாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு காலையில் சுவர் வழியே எனக்குக் கேட்டது டக் டக் டக் என்ற சத்தம் மட்டும். “மெல்ல” என்பதும் இல்லை, “போதும்” என்பதும் இல்லை. “கரியாவது நான் போடுறேன்” என்று அவள் கேட்டுப் பார்த்தாள். “பொக ஒனக்கு ஆகாது” என்றுவிட்டார். கிணற்றடிக்கு வரும்போது அவள் தலை சுத்தமாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“வாயத் தொறந்து அவருகிட்ட சொல்லேன்டி” என்றேன்.

“என்னன்னு சொல்ல? எனக்காக ரெண்டு வருசம் மெனக்கெட்ட மனுசங்கிட்ட, இது வேணாம்னு எப்படிச் சொல்ல மதினி?”

சொல்லவில்லை. வேறொன்று செய்தாள். அந்தப் பித்தளைத் திருகைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். அவள் கணக்கு சரியானதுதான். திருகு இல்லாமல் இன்ஜின் ஓடாது. புதுத் திருகு கடைய லேத்து ஓட வேண்டும். லேத்து ஓடச் சக்கரம் சுற்ற வேண்டும். கூப்பிடுவார்.

கூப்பிடவில்லை. வீடெல்லாம் தேடினார். பழைய வாரை மாட்டி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி மறுகையால் உளியைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு பித்தளைத் துண்டு பாழானதுதான் மிச்சம். “நான் சுத்துறேன் மச்சான்” என்று அவள் நிலைப்படியில் நின்று கேட்டாள். “அந்தத் தோள வச்சுக்கிட்டா? போ, போய் இரு” என்றார். திருகும் இல்லை, வேலையும் இல்லை. முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நாலு அறை விடலாமா என்று எனக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து சைனபுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் கட்டிலில் கிடக்க, பிச்சை கஞ்சி வைக்க அரிசி எடுத்தார். கையில் திருகு தட்டுப்பட்டது. இதை அவரே பின்னால் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். “அம்புட்டு வருசமும் மனசில்லாமத்தான் சுத்தியிருக்கா, மாப்ள. இந்தச் சத்தமே அவளுக்குப் பிடிக்கல. எனக்குத்தான் தெரியாமப் போச்சு” என்றாராம். அந்தத் திருகை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கஞ்சியை ஆற்றி அவளுக்கு ஊட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காய்ச்சல் விட்டு அவள் எழுந்து உட்கார்ந்த அன்று நான் ரசம் கொண்டுபோயிருந்தேன். வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. கொட்டாம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த முத்துக்கருப்பன் என்பவர் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்து லேத்தைத் தூக்கினார். பிறகு இன்ஜினைத் தூக்கினார். நாங்கள் இருவரும் அறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். சைனபுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிச்சை சட்டைப்பையிலிருந்து திருகை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“அண்ணே, இத பத்திரமா வச்சுக்கங்க. இது இல்லாம ஓடாது.”

சைனப் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வாய் திறந்தது. ஆனால் வேற்று ஆண்கள் மூன்று பேர் கூடத்தில் நிற்கும்போது திரையை விலக்கிக்கொண்டு போய்க் கத்த அவளுக்கு வரவில்லை. அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். வண்டி தெருமுனையில் திரும்பியபிறகு பிச்சை உள்ளே வந்தார்.

“இனிமே சத்தம் இருக்காது. நிம்மதியாத் தூங்கு” என்றார்.

மரச்சக்கரத்தை மட்டும் முத்துக்கருப்பன் வேண்டாமென்று விட்டுப்போயிருந்தார். இன்ஜின் இருக்கும்போது அவருக்கு அது எதற்கு? சில நாள் கழித்து, பிச்சை கடைக்குப் போன நேரத்தில் சுவர் வழியே கிறீச் கிறீச் என்று கேட்டது. வார் இல்லாத வெறும் சக்கரத்தைச் சைனப் சுற்றிக்கொண்டிருந்தாள். தினமும் சுற்றினாள். ஒருநாள் சாவியை மறந்து திரும்பி வந்த பிச்சை அதைப் பார்த்துவிட்டார்.

“அதுவும் எடஞ்சலா இருக்கா? வெறகுக்குப் போட்டுறவா?”

அப்போதுதான் அவள் உடைந்தாள். எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்டது. “அதையாவது விட்டுவைங்க மச்சான்! இது சுத்தும்போதுதான் நீங்க என்னைய நிமிந்து பாத்தீக. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. வலிச்சா வலிச்சுட்டுப் போகுது!”

பிறகு அவர் குரல்:

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டீகளா?”

மறு வெள்ளிக்கிழமை பிச்சை கொட்டாம்பட்டிக்குப் போனார். முத்துக்கருப்பன் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். லேத்து அங்கே காலையிலிருந்து மாலைவரை ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பி இரண்டு பேர் வேலைக்கு இருந்தார்கள். திருப்பிக் கேட்கப் போனவர் கேட்காமலே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பிச்சை முயற்சி செய்தார். சுபுஹு முடிந்து வந்து சக்கரத்துக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளும் அவரைப் பார்ப்பாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. நடுவில் ஒரு வேலை ஓடினால்தான் அவர்களுக்குப் பேச்சு வரும். அந்த வேலை கொட்டாம்பட்டிக்குப் போய்விட்டது.